பொதுப்பணத்தில் எடுத்த நிகழ்ச்சி: வெளிநாட்டில் இருப்பவருக்கும் இலவசமா?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டு மக்களின் வரியிலோ லைசென்ஸ் கட்டணத்திலோ நடக்கும் தொலைக்காட்சியை, அந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்களும் இணையத்தில் இலவசமாகப் பார்க்க விட வேண்டுமா? "இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது" என்ற வரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் "விடத்தான் வேண்டும்" என்பார்கள். கட்டணம் கட்டுகிறவர்கள் "நான் கட்டுவேன், உலகமே ஓசியில் பார்க்குமா?" என்பார்கள். எனக்கு இரண்டு பதிலும் முழுசாக ஒப்பவில்லை. செய்தி, நடப்பு விவகாரம், கல்வி, பழைய சேமிப்பு என்று அந்த நிறுவனம் தன் காசில், தன் ஆட்களை வைத்து எடுத்ததெல்லாம் உலகத்துக்கே திறந்திருக்க வேண்டும். நாடகம், விளையாட்டு, சினிமா இதெல்லாம் இலவசமாக வேண்டாம், ஆனால் காசு கொடுக்கிறேன் என்று வருகிறவருக்காவது விற்க வேண்டும். இன்றைக்குப் பல இடங்களில் நடப்பது மூன்றாவது வகை: இலவசமாகவும் கிடைக்காது, விலைக்கும் கிடைக்காது. என் கோபம் அதன் மேல்தான்.

கட்டணம் கட்டுகிறவரின் வாதத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் பாதி சரி, பாதி சரியில்லை. பிரிட்டனில் இந்த லைசென்ஸ் கட்டணம் 2025 ஏப்ரலில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. ஜெர்மனியில் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வீட்டில் டிவி இருக்கிறதா இல்லையா என்றுகூட 2013-லிருந்து கேட்பதில்லை. தென்கொரியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான கேபிஎஸ் 1981-ல் வைத்த மாதம் 2,500 வான் (கொரிய நாணயம்) கட்டணத்தை இன்னமும் தாண்டவில்லை. ஆஸ்திரேலியா, கனடா, இந்தியா போன்ற நாடுகளில் தனிக் கட்டணம் கிடையாது, அரசு பட்ஜெட்டிலிருந்து போகிறது. எப்படி வசூலித்தாலும், வெளிநாட்டில் ஒருவர் கூடுதலாகப் பார்ப்பதால் உள்ளூர்க்காரருக்கு நிகழ்ச்சி குறைந்துவிடுவதில்லை. சர்வர், இணையத் தரவுச் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு நாடகத் தொடரை எடுக்க ஆகும் செலவுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. ஆக, "என் காசைத் தின்கிறான்" என்பது உண்மையில்லை.

நஷ்டம் இருப்பது வேறு இடத்தில். பிபிசியின் வணிகக் கிளையான பிபிசி ஸ்டுடியோஸ் 2022-23 நிதியாண்டில் 200 கோடி பவுண்டுக்கு மேல் வருமானம் காட்டியது. வெளிநாட்டுச் சேனல்களுக்கு நிகழ்ச்சிகளை விற்பது அதில் ஒரு பெரிய பங்கு, அந்த லாபம் திரும்ப உள்ளூர் நிகழ்ச்சிகளுக்குத்தான் போகிறது. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டார்கள், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே அதன் புதிய பாகங்கள் டிஸ்னி பிளஸில்தான் என்று. உலகம் முழுக்க பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் சும்மா கிடைக்கிற ஒன்றுக்கு டிஸ்னி எதற்குப் பணம் தரப்போகிறது? அந்தக் கூட்டு 2025-ல் முடிந்துவிட்டது, அது வேறு கதை. வெளியே விற்கிற காசு நின்றால் உள்ளூர்க் கட்டணம் ஏறும் அல்லது நிகழ்ச்சி மெலியும். கட்டணம் கட்டுகிறவரின் கவலையில் சரியான பாதி இது.

அப்புறம், "மக்கள் காசில் எடுத்தது, அதனால் மக்களுக்குச் சொந்தம்" என்கிற எதிர்வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு நிகழ்ச்சிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாக இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேர ஆவணப்படம், நிறுவனமே எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பழைய செய்திச்சுருளிலிருந்து பன்னிரண்டு விநாடிக் காட்சி வருகிறது. அது வேறு யாரோ ஒரு காப்பகத்தின் சொத்து, "இந்த நாட்டுக்குள், இத்தனை வருடம், தொலைக்காட்சியிலும் இணையத்திலும்" என்று எழுதி வாங்கியிருப்பார்கள். அதே பன்னிரண்டு விநாடியை "உலகம் முழுக்க, எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும்" என்று வாங்கினால் விலை பல மடங்கு. பின்னணியில் ஒரு பாட்டு ஓடுகிறது. உள்நாட்டில் இசை உரிமைச் சங்கத்துக்கு மொத்தமாக ஆண்டுத் தொகை கட்டிவிடுவதால் பாட்டைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், அந்த ஏற்பாடு எல்லையோடு நின்றுவிடும். விவரணை பேசிய நடிகரின் ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ஒளிபரப்புக்குத் தனிப் பங்கு இருக்கும். இதில் ஒரு நூல் அறுந்தால்கூடப் படம் முழுவதையும் பூட்டியாக வேண்டும். பூட்டுகிற அதிகாரிக்கு வெளிநாட்டுக்காரர் மேல் எந்த விரோதமும் கிடையாது, வக்கீல் நோட்டீஸ் வரக்கூடாது என்பதுதான் அவர் கவலை.

இதற்கு நல்ல உதாரணம் நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே. 2015-ல் அவர்கள் 'ஸ்காம்' என்று ஒரு தொடர் தொடங்கினார்கள், ஓஸ்லோவில் ஒரு பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி. கதையில் ஒரு காட்சி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தால், நிஜத்திலும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தத் துண்டு இணையதளத்தில் ஏறும். உள்ளூர்ப் பதின்ம வயதினருக்காக எடுத்தது, பெரிதாக விளம்பரம்கூடச் செய்யவில்லை. ஆனால் உலகெங்கும் ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்த்து, சப்டைட்டில் போட்டு, பகிர ஆரம்பித்துவிட்டார்கள். தொடர் நிறையப் பாட்டுகளை நம்பி ஓடியது, உரிமம் நார்வேக்குள் பார்ப்பதை வைத்து வாங்கியது. வெளியே கூட்டம் சேர்ந்ததும் இசைத் துறை கேள்வி கேட்டது, 2017 தொடக்கத்தில் என்ஆர்கே வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா என்று பல நாடுகள் அந்தக் கதையை விலைகொடுத்து வாங்கித் தங்கள் ஊர் வடிவில் எடுத்தன. அந்த ஓசி ரசிகர் கூட்டம் இல்லாமல் இத்தனை நாடுகள் வாங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே என்ஆர்கே 2009-ல் நேர்மாறாக ஒன்று செய்தது. பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரைக்கும் ரயில் பயணம், என்ஜின் முகப்பில் கேமரா, ஏழு மணி நேரத்துக்கு மேல், எதையும் வெட்டாமல் ஒளிபரப்பினார்கள். சுரங்கம், பனி, நடுநடுவே ஸ்டேஷன், அவ்வளவுதான். நார்வேயில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதைக் கொஞ்ச நேரமாவது பார்த்தார்கள். எல்லா உரிமையும் தங்கள் கையிலேயே இருந்த அந்தக் காட்சிகளை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், வெட்டி ஒட்டிப் புதிதாக எதையாவது செய்துகொள்ளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் டோரண்ட்டிலேயே போட்டுவிட்டார்கள். ஒரே நிறுவனம், ஒரே பொதுப்பணம். ஒன்று உலகத்துக்கே திறந்தது, இன்னொன்று எல்லையில் நின்றது. வித்தியாசம் எந்த நாட்டு வரியில் எடுத்தார்கள் என்பதில் இல்லை, உரிமை யார் கையில் என்பதில் இருக்கிறது.

ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனமான இசட்டிஎஃப் தன் 'டெர்ரா எக்ஸ்' ஆவணப்பட வரிசையிலிருந்து குறும்படத் துண்டுகளை இதே மாதிரி திறந்த உரிமத்தில் விடுகிறது, விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் நீங்களே பார்த்திருக்கலாம். பிபிசியும் 2005-ல் தன் பழைய சேமிப்பைத் திறந்துவிட 'கிரியேட்டிவ் ஆர்க்கைவ்' என்று ஒரு முயற்சி செய்தது, ஆனால் அதன் உரிமத்திலேயே "பிரிட்டனுக்குள் மட்டும்" என்று ஒரு நிபந்தனை. அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள்.

சரி, வெளிநாட்டில் குடியேறிய சொந்த நாட்டவர்? "நான் பிரஜை, எனக்கும் உரிமை இல்லையா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. லைசென்ஸ் கட்டணம் பாஸ்போர்ட்டோடு ஒட்டியது இல்லை, முகவரியோடு ஒட்டியது. பிரிட்டனில் குடியிருந்து டிவி பார்க்கும் வெளிநாட்டவர் கட்டியாக வேண்டும், ஸ்பெயினில் குடியிருக்கும் பிரிட்டிஷ்காரர் கட்ட நினைத்தாலும் முடியாது. ஸ்பெயின் கடற்கரையோரம் ஓய்வுக்காலத்தைக் கழிக்கப் போன பிரிட்டிஷ்காரர்கள் இதைச் சமாளித்த விதம் சுவாரசியமானது. 2003-ல் பிபிசி தன் செயற்கைக்கோள் ஒளிபரப்பில் சங்கேதப் பூட்டை எடுத்துவிட்டு, பிரிட்டன் பக்கமே குவிகிற அஸ்ட்ரா 2டி என்ற செயற்கைக்கோளுக்கு மாறியது. குவிந்தாலும் ஓரம் கொஞ்சம் சிந்தும் அல்லவா, அந்தச் சிந்தலைப் பிடிக்க ஸ்பெயினில் ஆள் உயர டிஷ்களை மாட்டிக்கொண்டார்கள், அதைப் பொருத்திக் கொடுப்பதே ஒரு தொழிலாக நடந்தது. 2014-ல் சேனல்கள் இன்னும் குறுகிய கற்றை கொண்ட அஸ்ட்ரா 2ஈ-க்குப் போனதும் பெரும்பாலான டிஷ்கள் மொட்டைமாடி அலங்காரம் ஆகிவிட்டன. அவர்களில் எத்தனையோ பேர் அப்போதைய 145.50 பவுண்டு லைசென்ஸ் கட்டணத்தை அப்படியே கொடுத்திருப்பார்கள். வாங்கிக்கொள்ள ஒரு ஜன்னல் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதில் ஒரு வேடிக்கை செய்தது. 2018 ஏப்ரல் முதல், காசு கட்டி வாங்கிய ஸ்ட்ரீமிங் சேவையை ஒன்றியத்துக்குள் தற்காலிகமாக எங்கே போனாலும் பார்க்கலாம், நிறுவனம் தடுக்கக்கூடாது என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் பொது ஒளிபரப்புக்காகக் கட்டாயமாகக் கட்டும் கட்டணம், சேவைக்குக் கட்டிய பணமாகக் கணக்கில் வராது. நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர் விடுமுறைக்குப் போன இடத்தில் தன் தொடரைத் தொடரலாம், வருடம் தவறாமல் பொதுக் கட்டணம் கட்டியவரை அவர் நாட்டு நிறுவனம் விருப்பப்பட்டால் மட்டும் அனுமதிக்கலாம். (பிரிட்டனில் வீட்டிலிருந்தே ஐபிளேயரில் டவுன்லோட் செய்து எடுத்துப்போனால் வெளிநாட்டில் பார்க்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.)

விற்க முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது, முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2011 ஜூலையில் 'குளோபல் ஐபிளேயர்' என்று ஐபேட் செயலி ஒன்றை மேற்கு ஐரோப்பிய நாடுகளில் பிபிசி விட்டது, மாதம் 6.99 யூரோ. பிறகு கனடா, ஆஸ்திரேலியாவுக்கும் போனது. அமெரிக்காவுக்கு வரவேயில்லை. அங்கே கேபிள் நிறுவனங்கள், செயலி வந்தால் பிபிசி அமெரிக்கா சேனலைத் தூக்கிவிடுவோம் என்று மிரட்டியதாக அப்போது செய்திகள் வந்தன. 2015-ல் சேவையையே மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து பிரிட்டனின் தனியார் ஒளிபரப்பு நிறுவனமான ஐடிவியோடு சேர்ந்து பிரிட்பாக்ஸ் என்று அமெரிக்காவில் அதையே வேறு பெயரில் ஆரம்பித்தார்கள், அது ஓடியது. எவ்வளவு ஓடியது என்றால் 2024-ல் அதன் சர்வதேசப் பிரிவில் ஐடிவியின் பாதியை 25.5 கோடி பவுண்டு கொடுத்து பிபிசி வாங்கிக்கொண்டது. அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ, அந்நாட்டின் மரபு விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து 2014-ல் ஜிஏஏகோ என்ற இணையச் சேவையைத் தொடங்கி, உலகெங்கும் சிதறிக்கிடக்கும் ஐரிஷ்காரர்களுக்கு ஆட்டங்களை விற்றது. நெதர்லாந்தில் பல பத்தாண்டுகள் பிபிசி சேனல்கள் கேபிளில் வந்தன, கேபிள் நிறுவனம் உரிமைக்காரர்களுக்குப் பணம் கட்டியது, யாரும் திவாலாகவில்லை. வாங்க ஆள் இருக்கிறது, விற்கும் வழியும் தெரியும். ஆனாலும் ஆஸ்திரேலியாவின் ஏபிசி ஐவியூ, கனடாவின் சிபிசி ஜெம் போன்ற பொது ஒளிபரப்புத் தளங்களில் வெளிநாட்டிலிருந்து நுழைந்தால் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை வரித் தடை அறிவிப்புதான்.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். எந்த நாடும் தன் பொது ஒளிபரப்பை வெளிநாட்டுக்காரருக்குக் காட்டவே மாட்டேன் என்று சொல்வதில்லை. தன்னைப் பற்றி உலகம் நல்லபடியாக நினைக்க வேண்டும் என்றால் கோடிகளைக் கொட்டி இலவசமாகக் கொடுக்கிறது. டாய்ச்ச வெல்லே ஜெர்மன் வரிப்பணம், என்எச்கே வேர்ல்டு ஜப்பானியக் கட்டணம், பிரான்ஸ் 24 பிரெஞ்சுப் பணம், எல்லாமே திறந்து கிடக்கின்றன. நமக்குத் தெரிந்த உதாரணம் பிபிசி தமிழோசை. 1941-ல் தொடங்கி 2017 வரை வானொலியில் வந்தது, தமிழ் கேட்டவர்களில் ஒருவர்கூட அதற்குப் பணம் கட்டவில்லை. நீண்ட காலம் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மானியத்திலும், 2014-க்குப் பிறகு பெரும்பங்கு அங்குள்ள வீடுகளின் லைசென்ஸ் கட்டணத்திலும், தமிழோசையை நடத்திய பிபிசி உலக சேவை நடந்தது. யாரும் இதை "ஓசி" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதே நாட்டின் ஒரு இயற்கை ஆவணப்படத்தைக் கேட்டால் மட்டும் வரி கட்டினாயா என்று ஏன் கேட்க வேண்டும்? வெளியே இருப்பவர்கள் உண்மையில் பார்க்க ஆசைப்படுவது அவர்களுக்கென்று தனியாகத் தயாரித்த செய்திச் சேனலை இல்லை, அந்த நாட்டு மக்கள் தினமும் என்ன பார்க்கிறார்களோ அதை.

கொரியாவின் கேபிஎஸ் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டது. 2003-ல் கேபிஎஸ் வேர்ல்டு சேனல், பிற்பாடு யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலோடு கேளிக்கை நிகழ்ச்சிகள், இசை நிகழ்ச்சிகள். விற்க வேண்டியதை விற்றுக்கொண்டார்கள், மீதியைத் திறந்துவிட்டார்கள். இந்தியாவில் தூர்தர்ஷன் சேனல்கள் யூடியூபிலேயே கிடைக்கின்றன, 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று தனிச் செயலியும் வந்தது. தூர்தர்ஷனுக்கும் கிரிக்கெட் என்று வந்தால் கை கட்டுதான். 2007 சட்டப்படி தனியார் சேனல்கள் முக்கிய ஆட்டங்களின் சிக்னலை தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும், ஆனால் அந்தச் சிக்னல் தனியார் கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் போகக்கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்ளூர்க்காரரையே தடுக்கும் பூட்டு இது.

இப்போது காற்று அடிக்கிற திசை எனக்குப் பிடிக்கவில்லை. 2025 ஜூனில் பிபிசி தன் இணையதளத்துக்கு அமெரிக்காவில் மாதம் 8.99 டாலர் சந்தா வைத்தது, ஜூலையில் வானொலி கேட்கும் பிபிசி சவுண்ட்ஸ் செயலியை வெளிநாட்டவருக்கு மூடியது. பிரான்ஸ் 2022-ல் ஆண்டுக்கு 138 யூரோ கட்டணத்தையே ஒழித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 2025-ல் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்படி உள்நாட்டில் கழுத்தில் கத்தி இருக்கும்போது எந்த நிர்வாகியும் "வெளிநாட்டவருக்கு இலவசமாகத் திறக்கப்போகிறேன்" என்று எழுந்து பேச மாட்டார். வெளிநாட்டு ரசிகருக்கு அங்கே ஓட்டு கிடையாது. மூடப்போகிறார்கள் என்றால் தெருவில் இறங்கவும் வரமாட்டார். இந்த அரசியலை மறந்துவிட்டு "ஏன் திறக்கவில்லை" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கோடு எங்கே போடலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவு கிட்டத்தட்ட சரியான விடை வைத்திருக்கிறது. வானொலி, செய்தி, நடப்பு விவகாரம், நிறுவனமே முழுச் செலவும் செய்து எடுத்த நிகழ்ச்சி, இவற்றுக்கு உரிமையைத் தன் நாட்டில் ஒருமுறை வாங்கினால் போதும், ஒன்றியம் முழுக்க இணையத்தில் காட்டலாம். விளையாட்டு, கூட்டுத்தயாரிப்பு, வெளியே வாங்கியது எல்லாம் சேராது. ஆரம்பத்தில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இதைவிட விரிவாகத்தான் கேட்டது, நாடு நாடாக முன்விற்பனை செய்துதான் எங்களுக்குப் படமெடுக்கவே பணம் புரள்கிறது என்று சினிமாத் தயாரிப்பாளர்கள் எதிர்த்ததில் சுருங்கிவிட்டது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குறை ஒன்றுதான்: உத்தரவு அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை.

விபிஎன் (நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோல் இணையத்தில் காட்டும் சேவை) பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பெரும்பாலான சேவைகளின் விதிகளை அது மீறும். எந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பது நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது, அதனால் பொதுவாக "செய்யலாம்" என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் அந்த நிறுவனத்தின் யூடியூப் சேனலையும் அவர்களுடைய சர்வதேசச் சேவையையும் தேடிப் பாருங்கள், பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்ததில் கணிசமான பங்கு அங்கே திறந்தே இருக்கும். அமெரிக்கப் பொது ஒளிபரப்பில் வரும் 'ஃபிரண்ட்லைன்' ஆவணப்படங்கள் அப்படித்தான் முழுசாக யூடியூபில் கிடைக்கின்றன.

நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. தடை அறிவிப்பில் காரணத்தை எழுதுங்கள். "இதில் வரும் பாட்டுக்கு வெளிநாட்டு உரிமம் இல்லை" என்றால் புரிந்துகொள்வோம். "உங்கள் நாட்டில் இன்னாரிடம் விற்றுவிட்டோம், அங்கே பாருங்கள்" என்றால் அங்கே போய்க் காசு கொடுப்போம். இரண்டுமே இல்லாமல், யாரும் உட்கார்ந்து யோசிக்காததால் மொத்தமாகப் பூட்டி வைத்த நிகழ்ச்சிகள் எத்தனை என்று அப்போது அவர்களுக்கே தெரியவரும்.